டேங்க் சைக்கிள் ஆயிடுச்சா? வீட்டுக் கடல் தொட்டி தொடங்குவோருக்கு

சென்னை கொளத்தூரின் வண்ண மீன் கடைகளில் கடல் மீன் விலையை விசாரித்தால், விவரம் தெரிந்த கடைக்காரர் முதலில் கேட்பது, "டேங்க் சைக்கிள் ஆயிடுச்சா?" என்றுதான். மீனைத் தாங்கும் அளவுக்குத் தொட்டி பக்குவமாகிவிட்டதா என்பது அதன் பொருள். அதற்கு வாடிக்கையாளர்கள் சொல்லும் பதில்கள் பலவிதம். "ரெண்டு நாளா மோட்டார் ஓடுது." "தண்ணி நல்லா தெளிஞ்சிடுச்சு." "பாக்டீரியா பாட்டில் வாங்கி ஊத்திட்டேன்."

மூன்றுமே அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. மோட்டார் ஓடுவது மின்சாரம் இருப்பதைக் காட்டும். தண்ணீர் தெளிந்தால் தூசி படிந்துவிட்டது என்று அர்த்தம். மீனைக் கொல்லும் நஞ்சுக்கு நிறம் கிடையாது, மிகத் தெளிவான தண்ணீரிலும் அது இருக்கலாம். ரீஃப் தொட்டி, அதாவது பவளமும் மீனும் சேர்ந்து வாழும் கடல்நீர்த் தொட்டி, ஆரம்பித்துச் சீக்கிரமே கைவிட்டவர்களிடம் பேசிப் பாருங்கள். விளக்கு, பம்ப், தொட்டி எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்கியிருப்பார்கள். இந்த ஒரு விஷயத்தை மட்டும் யாரும் அவர்களுக்கு உட்கார்ந்து விளக்கியிருக்க மாட்டார்கள்.

நஞ்சு எங்கிருந்து வருகிறது?

மீன் சாப்பிடும் புரதத்தில் நைட்ரஜன் இருக்கிறது. நம் உடம்பு உபரி நைட்ரஜனை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் விடுகிறது. மீன் அந்தச் சிரமமெல்லாம் படுவதில்லை. பெரும்பகுதியை அம்மோனியாவாகவே, அதுவும் செவுள் வழியாக, தண்ணீரில் விட்டுவிடுகிறது. அதனால் மீன் கழிவு கண்ணில் படாத தொட்டியிலும் அம்மோனியா சேர்ந்துகொண்டேதான் இருக்கும். சாப்பிடாமல் அடியில் அழுகும் தீவனமும் அதையே செய்யும்.

கடலில் இது ஒரு பொருட்டே இல்லை, அங்கே தண்ணீருக்கு அளவு கிடையாது. வீட்டுத் தொட்டி 150 லிட்டர். தன் கழிவிலேயே மீன் நீந்த வேண்டியிருக்கிறது.

"கோல்ட் ஃபிஷ் வளர்த்திருக்கேன், அதுக்கு இவ்வளவு பார்த்ததில்லையே" என்பார்கள். நியாயமான கேள்விதான். தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று அம்மோனியம், ஓரளவு சாது. மற்றொன்று தனி அம்மோனியா, செவுளை எரித்துவிடும். எது எவ்வளவு இருக்கும் என்பதைப் பெரும்பாலும் பிஎச் முடிவு செய்கிறது. பிஎச் என்பது தண்ணீர் அமிலப் பக்கமா காரப் பக்கமா என்று சொல்லும் எண். 7 நடுநிலை, அதற்கு மேலே போனால் காரம். பிஎச் 7 உள்ள நன்னீரில் 99 சதவீதத்துக்கும் மேல் சாதுவான அம்மோனியம்தான். கடல்நீரின் பிஎச் 8.1, 8.2 என்று இருக்கும். அங்கே நஞ்சான பங்கு பத்து மடங்கு கூடிவிடுகிறது. டெஸ்ட் கிட்டில் அதே அளவு அம்மோனியா காட்டினாலும், கோல்ட் ஃபிஷ் தாங்குவதைக் கடல் மீன் தாங்காது.

தயிருக்கு உறை ஊற்றுவது போல

பாலைக் காய்ச்சி ஆறவைத்து, ஒரு ஸ்பூன் உறைமோர் விட்டு மூடி வைக்கிறோம். காலையில் தயிர். உறை விட்ட அரைமணியில் திறந்து பார்த்தால் பால்தான் இருக்கும். வேகமாகக் கலக்கினாலும் பெரிய பாத்திரத்துக்கு மாற்றினாலும் நேரத்துக்கு முன்னால் தயிராகாது. கிருமிகள் பெருகி முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

தொட்டியிலும் இதுதான் நடக்கிறது. இங்கே வேலை செய்வது இரண்டு கிருமிக் கூட்டம். முதல் கூட்டம் அம்மோனியாவைத் தின்று நைட்ரைட் என்ற பொருளாக மாற்றும். இரண்டாவது கூட்டம் நைட்ரைட்டை எடுத்து நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஏறக்குறைய நம் வயலுக்குப் போடும் உரம்தான், மீன் அதை நன்றாகவே தாங்கும். இந்த இரண்டு கூட்டமும் போதுமான அளவு பெருகி முடிக்கும் காலத்தைத்தான் 'சைக்கிள்' என்கிறார்கள்.

தயிரோடு ஒப்பிடுவது இந்த இடம் வரைக்கும்தான். வேகத்தில் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. தயிர்க் கிருமி வெதுவெதுப்பில் சுமார் அரைமணிக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்தில் 16 முறை. ஒன்று 65,536 ஆகிவிடும். அம்மோனியா தின்னும் கிருமிக்கு ஒருமுறை இரட்டிக்க அரை நாளிலிருந்து ஒரு நாள் ஆகலாம், சில சமயம் அதற்கும் மேலே. ஒரு நாள் என்றே கணக்குப் போட்டாலும், தயிர் ஒரே இரவில் எட்டுவதை எட்ட அதற்கு 16 நாள் வேண்டும். பாலில் சர்க்கரையும் புரதமும் தயாராக இருக்கின்றன. அம்மோனியாவை எரித்துக் கிடைக்கும் ஆற்றலோ மிகக் கொஞ்சம். அதை வைத்துக்கொண்டு தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடிலிருந்து தன் உடம்பையே அது கட்ட வேண்டும்.

முதல் கூட்டம் நைட்ரைட் தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் இரண்டாவது கூட்டத்துக்குச் சாப்பாடு. அதனால் மொத்தம் நான்கிலிருந்து ஆறு வாரம் ஆவது சகஜம். 'ஏழே நாளில் தொட்டி தயார்' என்று யாராவது சொன்னால், அளந்து காட்டச் சொல்லுங்கள்.

அந்தப் பாக்டீரியா பாட்டில்? அதுதான் உறைமோர். நல்ல சரக்காக இருந்தால் காத்திருக்கும் காலம் குறையும். ஆனால் மே மாத வெயிலில் கூரியர் வண்டியில் கிடந்து வந்த பாட்டிலுக்குள் எது உயிரோடு இருக்கிறது என்பது லேபிளைப் பார்த்தால் தெரியாது. வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊற்றியதாலேயே வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: மீன் அம்மோனியா விடுகிறது, ஒரு கூட்டம் அதை நைட்ரைட் ஆக்குகிறது, மற்றொரு கூட்டம் நைட்ரேட் ஆக்குகிறது. இரண்டும் மெதுவாகப் பெருகுபவை.

அவை குடியிருப்பது தண்ணீரில் அல்ல

"என் ஃபிரெண்டோட பழைய டேங்க் தண்ணி பத்து லிட்டர் வாங்கி ஊத்தினேன்" என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. பெரிதாகப் பயன் இல்லை. இந்தக் கிருமிகள் கல், மணல், ஃபில்டர் ஸ்பாஞ்ச் என எதிலாவது வழுவழுப்பான படலமாக ஒட்டிக்கொண்டு வாழ்பவை. தண்ணீரில் மிதப்பது சொற்பம். நண்பரிடம் கேட்பதாக இருந்தால் உள்ளங்கை அளவு கல் ஒன்றோ பழைய ஸ்பாஞ்சோ கேளுங்கள். ஈரம் காயாமல் கொண்டு வந்தால், ஐம்பது லிட்டர் பழைய தண்ணீரை விட அது மேல்.

ரீஃப் தொட்டியில் கல்லுக்கு இத்தனை முக்கியத்துவம் இதனால்தான். நுண்துளைகள் நிறைந்த, உயிர்கள் குடியேறிய கல்லுக்கு லைவ் ராக் என்று பெயர். 1960களின் தொடக்கத்திலேயே ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் பெரிய ஃபில்டர் எதுவும் இல்லாமல் கடற்கல்லையும் காற்றுக் குமிழியையும் வைத்தே பவளத் தொட்டிகளை நடத்திக் காட்டினார். இன்றைய முறைகளுக்கு அது ஒரு முன்னோடி.

கல் இன்னொரு வேலையும் பார்க்கிறது. அதன் மேற்பரப்பில் ஆக்ஸிஜன் தாராளம், உள்ளே போகப் போகக் குறைவு. அந்த ஆக்ஸிஜன் இல்லாத உள்துளைகளில் வேறு வகைக் கிருமிகள் நைட்ரேட்டிலிருந்து ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொண்டு மிச்சத்தை நைட்ரஜன் வாயுவாக விட்டுவிடும். அது காற்றோடு போய்விடும். இது மிக மெதுவான வேலை. எல்லா நைட்ரேட்டையும் கல்லே பார்த்துக்கொள்ளும் என்று நம்பி இருக்க முடியாது, அதற்குத்தான் வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றுவது.

ஒரு பக்கச் செய்தி. அம்மோனியா தின்பது பாக்டீரியா மட்டும்தான் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். ஆர்க்கியா என்ற முற்றிலும் வேறான நுண்ணுயிர்ப் பிரிவிலும் அப்படி ஒன்று இருப்பது 2005இல் தெரிய வந்தது. நைட்ரோசோபுமிலஸ் மாரிட்டிமஸ் என்று பெயரிட்டார்கள். அதைப் பிரித்தெடுத்தது ஆழ்கடலிலிருந்து இல்லை, அமெரிக்காவின் சியாட்டில் நகர மீன் காட்சியகத் தொட்டி ஒன்றிலிருந்து!

தண்ணீரும் உப்பும்

முதல் தொட்டிக்கு 100 முதல் 200 லிட்டர் நல்ல அளவு. சின்னத் தொட்டி சுலபம் என்று தோன்றும். உண்மையில் தண்ணீர் குறையக் குறைய எல்லாம் வேகமாக மாறும், தவறு நடந்தால் சுதாரிக்க நேரம் இருக்காது.

குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் நாம் வளர்க்க நினைக்கும் கிருமிகளையே கொல்லும். போர் தண்ணீரில் வேறு உப்புகள். வீட்டு ஆர்ஓ மெஷின் தண்ணீர் நன்றாக இருந்தாலும், குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று பல மெஷின்கள் கடைசியில் தாது உப்பைத் திரும்பச் சேர்க்கின்றன. டிடிஎஸ் மீட்டர், அதாவது தண்ணீரில் கரைந்திருப்பதைக் காட்டும் பேனா போன்ற கருவி, ஒன்று வாங்கி நனைத்துப் பாருங்கள். தொட்டிக்கு வேண்டியது பூஜ்யம் அல்லது அதையொட்டி. ஆர்ஓவுக்குப் பின்னால் டிஐ என்ற பிசின் குழாய் ஒன்றை மாட்டினால் அது கிடைக்கும். ஏசி தண்ணீரைப் பிடித்து ஊற்றலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். அது செம்புக் குழாய்மேல் வழிந்து வருகிறது. செம்பு துளி இருந்தாலும் இறால், நத்தை, பவளம் எதுவும் தாங்காது.

உப்பு விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. "தூத்துக்குடி உப்பும் கடல் உப்புதானே, அதைக் கரைத்தால் என்ன?" உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது எல்லாம் ஒரே நேரத்தில் படிவதில்லை. கால்சியம் பெரும்பாலும் ஜிப்சமாக முன்பே படிந்துவிடும். மெக்னீசியம் கடைசிவரை கரைந்திருந்து கழிவு நீரோடு போய்விடும். நடுவில் வாரி எடுக்கும் உப்பு ஏறக்குறைய சோடியம் குளோரைடு மட்டுமே. இயற்கைக் கடல்நீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கால்சியமும், சுமார் 1,300 மில்லிகிராம் மெக்னீசியமும் இருக்கின்றன. பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்ட அவை வேண்டும். அதனால் தொட்டிக்கென்றே கலந்து விற்கும் ரீஃப் சால்ட்தான் வழி. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்பது இலக்கு. ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சின்னக் கண்ணாடிக் கருவியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் உப்பளவு 35 அல்லது ஒப்படர்த்தி 1.026 என்று கோடு காட்டும். வெப்பநிலை 25, 26 டிகிரி.

சைக்கிளை நடத்துவது எப்படி?

தொட்டி, உப்புத் தண்ணீர், கல், பம்ப் எல்லாம் தயார். இப்போது கிருமிக்குச் சாப்பாடு வேண்டும். முன்பு இதற்கு டாம்செல் என்ற முரட்டு மீனை விடுவார்கள். அது பாவம், செவுள் எரிய எரியத் தாக்குப்பிடிக்கும். பிழைத்துவிட்டாலும் அடுத்து வரும் மீன்களை அடித்துத் துரத்தும். மீன் இல்லாமல் செய்வதே மேல். சிலர் ஓர் இறால் துண்டைப் போட்டு அழுகவிடுகிறார்கள். வேலை நடக்கும், ஆனால் அளவு நம் கையில் இல்லை, நாற்றமும் வரும். எனக்குப் பிடித்தது அம்மோனியம் குளோரைடு கரைசல். 2 பிபிஎம் அளவுக்குச் சேர்க்க வேண்டும். பிபிஎம் என்றால் இங்கே லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். விளக்கை அணைத்தே வையுங்கள், பாசிக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டாம்.

அப்புறம் அளப்பதுதான் வேலை. அம்மோனியா டெஸ்ட் கிட்டில் பெரும்பாலும் மஞ்சள் என்றால் பூஜ்யம், பச்சை ஏற ஏற அம்மோனியா. இரவில் ஹால் பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் பார்த்தால் எல்லாமே மஞ்சளாகத் தெரியும். சோதனைக் குழாயை வெள்ளைத் தாள்மேல் வைத்து, ஜன்னல் பக்கம் பகலில் பாருங்கள்.

முதல் சில நாள் எதுவும் நடக்காதது போல இருக்கும். பச்சை அப்படியே நிற்கும். பிறகு அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். நைட்ரைட் உச்சத்தில் நாள் கணக்கில் நிற்கும். பலர் பொறுமை இழப்பது இங்கேதான். ஒருநாள் அது சடாரென்று விழும். இப்போது மறுபடி 2 பிபிஎம் அம்மோனியா சேர்த்துவிட்டு மறுநாள் பாருங்கள். 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாகிவிட்டால் சைக்கிள் முடிந்தது. நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

நைட்ரைட் பற்றி ஒரு வார்த்தை. நன்னீர் மீனுக்கு அது கொடிய நஞ்சு, ரத்தத்தைப் பழுப்பாக்கிவிடும். கடல்நீரில் குளோரைடு ஏராளமாக இருப்பதால் நைட்ரைட் செவுளுக்குள் நுழைய இடம் கிடைப்பதில்லை, கெடுதல் மிகக் குறைவு. இங்கே அதை அளப்பது இரண்டாவது கூட்டம் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான். இன்னொன்று: நைட்ரைட் அதிகம் இருக்கும்போது நைட்ரேட் கிட் தாறுமாறாகக் கூட்டிக் காட்டும். நைட்ரைட் பூஜ்யம் ஆகும்வரை நைட்ரேட்டை அளந்து பயப்பட வேண்டாம்.

முடிந்த பிறகு

கொஞ்சம் தண்ணீர் மாற்றிவிட்டு ஒரு மீன், அல்லது ஜோடியாக இரண்டு சின்ன க்ளவுன் மீன். அதோடு நிறுத்துங்கள். கிருமிக் கூட்டம் கிடைக்கும் சாப்பாட்டின் அளவுக்குத்தான் இருக்கும். ஒரே நாளில் ஆறு மீன் விட்டால் தொட்டி மறுபடி பின்னால் போகும். பண்ணையில் பிறந்த க்ளவுன் கிடைக்குமா என்று கடையில் கேளுங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் க்ளவுன் மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்திருக்கின்றன. பண்ணை மீன் தீவனத்துக்குப் பழகியது, பிடித்துவந்த மீனைவிடப் பிழைக்கும்.

அடுத்த சில மாதம் தொட்டி அசிங்கமாக இருக்கும். முதலில் மணல்மேல் பழுப்புப் படலம், பிறகு பச்சைப் பாசி, சிலருக்குச் சிவப்பு ஜவ்வு. புதுத் தொட்டியில் எந்த இடத்தை யார் பிடிப்பது என்று நடக்கும் போட்டி இது. மருந்து தேடி ஓடாமல் தண்ணீர் மாற்றி, தீவனத்தைக் குறைத்து, பாசி தின்னும் நத்தைகள் சிலவற்றை விட்டால் போதும். நைட்ரேட்டைப் பூஜ்யமாக்கியே தீருவேன் என்று இறங்குவதும் தப்பு. பவளத்தின் திசுவுக்குள் நுண்பாசி வாழ்கிறது. வெளிச்சத்தில் அது தயாரிக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. அந்த நுண்பாசிக்கும் கொஞ்சம் உரம் வேண்டும். நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம்வரை இருந்தால் நான் தொட மாட்டேன்.

பவளத்துக்கு இன்னும் பொறுங்கள். பழுப்பு அடங்கியபின் மஷ்ரூம், ஜோயாந்திட், லெதர் போன்ற மெத்தென்ற வகைகளில் தொடங்கலாம். ஒரு எச்சரிக்கை: ஜோயாந்திட், அதன் உறவான பாலிதோவா வகைகள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கடும் நஞ்சு உண்டு. அவை ஒட்டியிருந்த கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் கொதிக்கவிட்டால் ஆவியிலேயே வீட்டில் இருப்பவர்கள் மருத்துவமனைக்குப் போக நேரிடும். கையுறை போடுங்கள், கண்ணில் தெறிக்க விடாதீர்கள்.

ஆவியாவது தண்ணீர் மட்டும்

நம் ஊர் கோடையில் 150 லிட்டர் தொட்டியில் தினமும் இரண்டு மூன்று லிட்டர் குறைவது சாதாரணம். குறைந்தது உப்புத் தண்ணீர் என்று நினைத்து உப்புத் தண்ணீரையே ஊற்றுகிறார்கள். போனது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே உள்ளே இருக்கிறது. தினம் 3 லிட்டர் உப்புத் தண்ணீர் ஊற்றினால் 105 கிராம் உப்பு கூடும். பத்து நாளில் ஒரு கிலோவுக்கு மேல். 35 இருந்த உப்பு 42ஐத் தொடும். அந்தத் தண்ணீரில் பவளம் சுருங்கிவிடும். எனவே ஆவியானதை ஈடுகட்ட எப்போதும் ஆர்ஓ-டிஐ நல்ல தண்ணீர்.

தண்ணீர்மேல் காற்று படும்படி ஒரு சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். மதுரை வறண்ட காற்றில் அது நன்றாக வேலை செய்யும். கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் ஆவியாவதே குறைவு என்பதால் குளிர்ச்சியும் குறைவு. சென்னைக்காரர்கள் சில்லர் என்ற தண்ணீர் குளிர்விக்கும் கருவி வாங்கவோ, ஏசி அறையில் தொட்டி வைக்கவோ பட்ஜெட்டில் இடம் விடுவது நல்லது.

ராமேஸ்வரத்துக் கல்லை எடுத்து வரலாமா?

கூடாது. கல் பவளங்கள் எல்லாமும், கருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடல்குதிரையும் அப்படியே. புலிக்கு இருக்கும் பாதுகாப்பு. கரையில் ஒதுங்கிய செத்த பவளம்தானே என்று பையில் போட்டாலும் வழக்குதான். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்த காலம் உண்டு. அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு இன்று தண்ணீருக்கடியில். சிமெண்டிலோ செராமிக்கிலோ செய்த துளைக் கல் கடைகளில் கிடைக்கிறது. கிருமிக்கு வேண்டியது துளைதான், பிறப்பிடம் இல்லை.

கரண்ட் போனால்

பம்ப் நின்றால் தண்ணீர் அசையாது, அசையாத தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும். மீனைப் போலவே அந்த இரண்டு கூட்டமும் மூச்சு விடுபவை. தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பாவான கேனிஸ்டர் ஃபில்டருக்குள் இருப்பவைதான் முதலில் திணறும். அதனால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று முதல் நாளே வாங்கி வையுங்கள், விலை அதிகமில்லை. இன்வெர்ட்டர் இருந்தால் விளக்கை விட்டுவிட்டு அலை பம்ப் ஒன்றை மட்டும் அதில் இணையுங்கள். மணிக்கணக்கில் கரண்ட் இல்லாமல் போயிருந்தால் கேனிஸ்டரை அப்படியே ஆன் செய்யாமல், உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போடுங்கள். மறுநாள் காலையில் தீவனம் போடும் முன் அம்மோனியா அளந்து பாருங்கள். சோதனைக் குழாயில் கொஞ்சம் பச்சை தெரிந்தாலும் அன்று பட்டினி போடலாம், மீனுக்கு ஒன்றும் ஆகாது.